ஒரு சென்ட்டில் அளந்த மருந்து: பழைய தெளிப்பானைச் சரிசெய்த பதிவு

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில், ஒடுகத்தூர் போகும் வழியில் எங்களுக்கு 60 சென்ட் மானாவாரிக் கொல்லையும், கிணற்றுப் பாசனத்தில் 30 சென்ட் நிலமும் இருக்கின்றன. கொல்லையில் ஆனி மழைக்கு வேர்க்கடலை விதைப்போம். கிணற்றடியில் பெரும்பாலும் இலவம்பாடி முள்ளுக் கத்தரி இருக்கும். சென்ற ஆண்டு வேர்க்கடலை விதைத்த மறுநாளே களைக்கொல்லி அடித்தும் இருபதாம் நாளில் கொல்லை முழுவதும் பச்சைப் பாயாக விரிந்துவிட்டது. மூன்று முறை கைக்களை எடுத்த கூலி, காய் விற்ற பணத்தில் பெரும்பகுதியைத் தின்றது. மருந்து போலி என்று நான் நம்பினேன்; கடைக்காரரிடம் போய்ச் சண்டையும் போட்டேன். அவர் பொறுமையாக, "ஏக்கருக்கு எத்தனை டேங்க் அடிச்சீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து ஆண்டுகளாக மருந்து அடித்துக்கொண்டிருந்தும் அந்தக் கணக்கு என்னிடம் இல்லை என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உறைத்தது. இந்தப் பதிவு, அந்த ஒரு கணக்கைக் கண்டுபிடிப்பதற்காக எங்கள் 16 லிட்டர் கைத்தெளிப்பானைப் பிரித்து, பழுது பார்த்து, அளந்து, பிறகு அந்த அளவு முறையை இரண்டு பயிர்களில் பயன்படுத்திய அனுபவத்தைப் பற்றியது.

விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெளிப்பானைக் களத்துமேட்டுக்கு எடுத்துச் சென்றேன். பிரிப்பதற்கு முன் அது இருக்கிற நிலையிலேயே எவ்வளவு தெளிக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பழுதின் அளவு தெரியாமல் பழுது பார்ப்பதில் பொருளில்லை. இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. நில அளவைக்காரர்களின் பழைய சங்கிலி 66 அடி நீளம். அந்த நீளத்துக்கு 6.6 அடி அகலம் எடுத்தால் கிடைக்கும் 435.6 சதுர அடிதான் ஒரு சென்ட். தெளிப்பு விழும் பட்டை 3.3 அடி அகலமாக இருந்தால், 66 அடி போய்த் திரும்பி வரும்போது சரியாக ஒரு சென்ட் முடிந்துவிடும். அந்த ஒரு நடைக்குச் செலவான தண்ணீரை நூறால் பெருக்கினால் ஏக்கருக்கான தண்ணீர் கிடைத்துவிடும். மீட்டர், ஹெக்டேர், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற வாய்பாடுகளைக் காட்டிலும் சென்ட்டில் நிலம் வாங்கி விற்கும் நமக்கு இது மனத்தில் நிற்கிறது.

இரண்டு முளைக்குச்சிகளை 66 அடி இடைவெளியில் அடித்தேன். டேங்கின் உள்ளே ஒரு கோடு வரைந்து, அதுவரை வெறும் தண்ணீர் நிரப்பினேன். மருந்து கலப்பதற்கு முன் எந்த அளவையும் வெறும் தண்ணீரில்தான் எடுக்க வேண்டும். வழக்கமான நடையில், வழக்கமான வேகத்தில் கைப்பிடியை அடித்தபடி போய்த் திரும்பிவிட்டு, மீண்டும் அந்தக் கோடு வரை நிரப்ப எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று அளவுக் குவளையால் அளந்தேன். மூன்று முறை செய்ததில் 920, 980, 980 மில்லி வந்தது, சராசரி 960. அதாவது ஏக்கருக்கு 96 லிட்டர், ஆறே டேங்க். கடையில் சொன்னபடி டேங்குக்கு 100 மில்லி பெண்டிமெத்தலின் களைக்கொல்லி ஊற்றியிருந்தோம் என்றால் ஏக்கருக்கு 600 மில்லிதான் போயிருக்கிறது. வேர்க்கடலைக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 3.3 லிட்டர், ஏக்கருக்கு ஏறத்தாழ 1,320 மில்லி. பாதிக்கும் குறைவாக அடித்துவிட்டு மருந்தைக் குறை சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் சொன்ன 100 மில்லி, ஏக்கருக்குப் பதின்மூன்று டேங்க் அடிக்கிற ஒருவருக்குச் சரியான அளவு. என் தெளிப்பானுக்கும் என் நடைக்கும் அது பொருந்தவில்லை.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. கையில் பிடிக்கும் டிரிக்கரின் கீழே ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கட்டிவைத்திருந்தேன். ஒரு டேங்க் தீர்வதற்குள் அதில் 180 மில்லி சேர்ந்திருந்தது. அத்தனையும் இதுநாள்வரை வலது மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்த மருந்துத் தண்ணீர். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையமும் வெடித்திருந்ததால், குனியும்போதெல்லாம் முதுகு நனைந்தது. பூச்சிமருந்து வாய் வழியாகப் போனால்தான் ஆபத்து என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். தெளிப்பவர்களுக்கு அது பெரும்பாலும் தோல் வழியாகத்தான் போகிறது. வெயிலில் வியர்த்து விரிந்த தோல் இன்னும் வேகமாக உறிஞ்சும். எங்களுக்கு மருந்து அடித்துத் தருகிற பெரியவர், அடித்த அன்று இரவு தலைவலி வரும் என்று பல முறை சொன்னதுண்டு. வெயில் என்று சொல்லி நானும் மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்தத் தலைவலியில் டிரிக்கரின் பங்கு எவ்வளவு என்று அன்றுதான் யோசித்தேன்.

பிரித்துப் பார்த்தபோது, அழுத்த அறைக்குள் ஏறி இறங்கும் கப் வாஷர் ஓரம் மடிந்து போயிருந்தது. அடியிலுள்ள வால்வுக் கோலிக்கும் அதன் இருக்கைக்கும் இடையில் மணல் சிக்கியிருந்ததால் ஏற்றிய அழுத்தம் நிற்காமல் இறங்கியது. கைப்பிடியை எவ்வளவு அடித்தாலும் ஒரே சீராகத் தெளிக்காததற்கு இதுதான் காரணம். வாஷர், டிரிக்கரின் இரண்டு ஓ-ரிங், மூடி வளையம், குழாய்க் கிளிப் ஆகியவற்றைப் பள்ளிகொண்டாவில் வாங்கினேன். எல்லாம் சேர்த்து ஒரு நாள் கூலியில் பாதிகூட ஆகவில்லை. புதிய வாஷரைத் தேங்காய் எண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து மாட்டினேன். வாய்ப்பகுதியில் இருக்கும் வடிகட்டியை, தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருந்தார்கள். அதையும் புதிதாகப் போட்டேன். அந்த வடிகட்டி இல்லாததால்தான் மணல் உள்ளே போய், மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்து, அடைத்த நாசிலை வாயில் வைத்து ஊதும் பழக்கம் வந்தது. என் அப்பா அப்படித்தான் ஊதுவார். குண்டூசியால் குத்துவதும் தவறு. துளை சிறிது அகன்றாலும் தெளிக்கும் அளவு மாறிவிடும். பழைய பல்துலக்கி ஒன்றை டேங்கின் பட்டையிலேயே கட்டிவிட்டேன்.

நாசிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்தது கூம்பு போலச் சுழன்று விழும் நாசில். அது இலைகளின் மேலும் கீழும் நனைய வேண்டிய பூச்சிமருந்துக்கு ஏற்றது. மண்மேல் சீரான படலமாக விழ வேண்டிய களைக்கொல்லிக்கு அது பொருந்தாது; நடுவில் குறைவாகவும் ஓரத்தில் அதிகமாகவும் விழுவதுடன், நுண்துளிகள் காற்றில் பறக்கும். களைக்கொல்லிக்கு விசிறி போலத் தட்டையாக விரியும் நாசில் வேண்டும். அதை மாட்டிக் காய்ந்த களத்தில் அடித்து, ஈரம் எவ்வளவு அகலத்துக்கு ஒரே சீராகப் படிகிறது என்று பார்த்தேன். விசிறியின் இரு ஓரங்களும் மெலிந்திருக்கும் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்காமல், நன்றாக நனைந்த பட்டை 3.3 அடி வரும்வரை உயரத்தை மாற்றிக்கொண்டே போனேன். அந்த உயரம் கிடைத்ததும் நாசிலிலிருந்து ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். கல் தரையைத் தொட்டும் தொடாமலும் போனால் உயரம் சரி. வேடிக்கையாகத் தெரிந்தாலும், மாலைக்குள் கை சோர்ந்து நாசில் மாட்டிய நீளக்குழல் தாழும்போது எச்சரிப்பது அந்தக் கல்தான்.

பழுது பார்த்த தெளிப்பானில் விசிறி நாசிலுடன் மீண்டும் ஒரு சென்ட் நடந்தேன். 1,720, 1,780, 1,780 மில்லி, சராசரி 1,760. ஏக்கருக்கு 176 லிட்டர், அதாவது 11 டேங்க். 1,320 மில்லியைப் பதினொன்றால் வகுத்தால் டேங்குக்கு 120 மில்லி. எங்கள் 60 சென்ட்டுக்கு மொத்தம் 792 மில்லி மருந்தும், ஆறரை டேங்குக்குச் சற்று மேலான தண்ணீரும் போதும். மிச்சம் வைக்காமல் கலக்க முடிவது இந்தக் கணக்கின் பெரிய லாபம் என்று நான் கருதுகிறேன். மிஞ்சிய மருந்துத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்ற கேள்விக்கு நல்ல விடை கிடையாது.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "டேங்குக்கு ரெண்டு மூடின்னு தாம்பா காலங்காலமா அடிக்கிறோம். அதுல இன்னா கணக்கு கீது?" என்றார். வீட்டில் கிடந்த மூன்று காலிக் குப்பிகளின் மூடிகளில் தண்ணீர் ஊற்றி அவர் முன்னாலேயே அளந்தோம். ஒன்று 14 மில்லி பிடித்தது, ஒன்று 22, மற்றொன்று 35. இரண்டு மூடி என்பது 28 மில்லியாகவும் இருக்கலாம், 70 மில்லியாகவும் இருக்கலாம். அவர் சற்று நேரம் மூடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அளவு டம்ளர் ஒண்ணு வாங்கிடு தம்பி" என்றார். வாங்கிய டம்ளரில் சிவப்புப் பெயின்ட்டால் பட்டை தீட்டி, வீட்டுப் பாத்திரங்களோடு கலக்காமல் மருந்துப் பெட்டியிலேயே பூட்டி வைக்கிறோம்.

ஆனி கடைசியில் மழை விழுந்து விதைத்தோம். பெண்டிமெத்தலின் களை முளைப்பதற்கு முன், விதைத்த மூன்று நாட்களுக்குள், ஈரமுள்ள மண்மீது விழ வேண்டும். காய்ந்த மண்ணில் அடித்தால் வேலை செய்யாது. எனவே மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஆரம்பித்தோம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆடி பிறக்கப்போகும் அந்த நாட்களில் எட்டரை மணிக்கு மேல் எங்கள் பக்கம் காற்று ஓய்வதில்லை. கொல்லையின் கிழக்கு வரப்பை ஒட்டிப் பக்கத்து நிலத்தில் கேழ்வரகு நாற்றங்கால் விட்டிருந்தார்கள். களைக்கொல்லி அதன்மேல் பட்டால் நாற்று போய்விடும் என்பதால், அந்த ஓரத்தில் ஆறடி அகலத்துக்குத் தெளிக்காமல் விட்டுவிட்டு, அதைக் கையால் களையெடுப்பது என்று முடிவு செய்தோம். பக்கத்து நிலத்துக்காரரிடம் முதல்நாள் மாலையே சொல்லியும் வைத்தோம். காற்றுக்கு முதுகு கொடுத்துப் பின்னோக்கி நடந்து தெளித்ததால், தெளித்த மண்ணை மிதிக்க வேண்டியிருக்கவில்லை. முழுக்கைச் சட்டை, முகக்கவசம், கண்ணாடி, ரப்பர் கையுறை, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு பெரியவர் முதல் டேங்க் முடிவதற்குள் வியர்த்து நனைந்தார். இந்த ஊர் வெப்பத்தில் அந்த உடை ஒரு தண்டனைதான். அதனால்தான் வேலையை விடியற்காலைக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. வெயில் ஏறிய பிறகு கவசத்தைக் கழற்றாமல் இருப்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பலன் ஒரே சீராக இருந்தது என்று சொல்ல முடியாது. இருபத்தைந்தாம் நாளில் புல்லும் அகன்ற இலைக் களைகளும் சென்ற ஆண்டில் கால்வாசிகூட இல்லை. கோரை மட்டும் எதுவும் நடக்காதது போல எழுந்து நின்றது. நிலத்தடிக் கிழங்கிலிருந்து வரும் கோரையை இந்த மருந்து தடுக்காது. அதற்காக வேறு ஒரு மருந்தைத் தேடிப் போகாமல், ஒரே ஒரு முறை கைக்களை எடுத்து, நாற்பதாம் நாள் ஜிப்சம் இட்டு மண் அணைத்தோம். விழுது மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிய பிறகு கொத்தினால் காய் குறையும் என்பதால் அதற்குமேல் நிலத்தைத் தொடவில்லை. மூன்று களை ஒன்றானது.

கத்தரியில் கதை தலைகீழ். அங்கே நாங்கள் குறைவாக அடிக்கவில்லை. அதிகமாக, அடிக்கடி அடித்துக்கொண்டிருந்தோம். தண்டு, காய்த் துளைப்பான் புழு முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்துக்குள் குருத்துக்கோ காய்க்கோ உள்ளே போய்விடும். போன பிறகு மேலே எவ்வளவு அடித்தாலும் அதைத் தொடாது. துளை விழுந்த காயைப் பார்த்துக் கோபத்தில் அடிக்கிற மருந்து, அந்தக் காயை வாங்கித் தின்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். இந்த முறை முதலில் ஏக்கருக்கு ஐந்து என்ற கணக்கில் 30 சென்ட்டுக்கு, ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு வைத்தோம். வாடித் தொங்கும் குருத்தை வாரம் இரண்டு முறை ஒரு விரற்கடை கீழே கிள்ளிப் பையில் போட்டு எரித்தோம். பூக்கும் வரையில் வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும் அடித்தோம்: 5 கிலோ பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் சேர்த்து, அன்றே மாலையில் தெளிப்பது. மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும்.

பொறியில் விழும் அந்துப்பூச்சி கூடிய வாரத்தில்தான் மருந்தை எடுத்தேன். கடையில் இரண்டு மருந்துகளைக் காட்டினார்கள். குளோரான்ட்ரானிலிபுரோல் குப்பியோடு வந்த துண்டுத்தாளில் கத்தரிக்குத் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் 22 நாள் காத்திருக்க வேண்டும் என்று இருந்தது. எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. (5 சதவீதம் மருந்துள்ள, நீரில் கரையும் குருணை) என்றால் 3 நாள். காய் பறிக்கத் தொடங்கிய பிறகு நான்கு ஐந்து நாளுக்கு ஒரு பறிப்பு வரும் பயிரில் 22 நாள் காத்திருப்பது நடக்காத காரியம். அந்த மருந்தைக் காய்ப்புக்கு முன்னால் பயன்படுத்தலாமே ஒழிய, பறிப்பு நடக்கும்போது கையில் எடுக்கவே கூடாது. முதல் மருந்து நல்ல மருந்து என்று எல்லோரும் சொல்வதும் உண்மைதான். எந்த நாளில் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்தத் துண்டுத்தாளைப் படிப்பதற்குக் கண்ணாடி போட்டும் வெயிலில் பிடிக்க வேண்டியிருந்தது. விவசாயிக்கு மிகவும் தேவையான வரியை இவ்வளவு சிறிய எழுத்தில் அச்சடிப்பது எனக்கு விளங்காத வழக்கம்.

எமாமெக்டின் ஹெக்டேருக்கு 200 கிராம், 500 லிட்டர் தண்ணீரில். செடிக்கு அடிக்கும்போது நடையை மட்டும் வைத்து அளக்க முடியாது. செடி வளர வளரத் தண்ணீர் கூடும். எனவே கத்தரிக்கென்று தனியாக வாங்கிய தெளிப்பானில் கூம்பு நாசிலை மாட்டி, ஐந்து சென்ட் செடிகளை, இலை நனைந்து சொட்டாத அளவுக்கு வெறும் தண்ணீரால் நனைத்துப் பார்த்தேன். 10 லிட்டர் ஆனது. ஏக்கருக்கு 200 லிட்டர், பரிந்துரையோடு ஒத்துப்போகிறது, லிட்டருக்கு 0.4 கிராம், 16 லிட்டர் டேங்குக்கு 6.4 கிராம். நாங்கள் வழக்கமாகப் போடும் ஒரு கரண்டியைச் சிறு மின்தராசில் வைத்தபோது 10 கிராமுக்கு மேல் காட்டியது. முன்பெல்லாம் அதையும் வாரம் ஒரு முறை அடித்திருக்கிறோம். கத்தரியில் சிந்தெடிக் பைரித்ராய்டு மருந்துகளை அடிக்கடி அடித்தால் வெள்ளை ஈ பெருகும் என்பதும் எங்கள் நிலத்திலேயே நாங்கள் விலை கொடுத்துக் கற்ற பாடம். இந்தப் பருவத்தில் பூவில் தேனீ வந்துபோன பிறகு, மாலை ஐந்து மணிக்கு மேல், மொத்தம் மூன்று முறை மட்டும் மருந்து அடித்தோம். தெளித்த தேதியையும் பறிக்கலாம் என்ற தேதியையும் ஓர் அட்டையில் எழுதிக் கிணற்று மோட்டார் அறைக் கதவில் மாட்டியிருந்தோம். துளை விழுந்த காய் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. பறிப்புக்கு ஒரு கூடை கழித்தோம். சந்தையில் அது வலிக்கிற அளவு இழப்பு அல்ல.

மருந்துப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அடியில் அரைக்குப்பி மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கிடைத்தது. குப்பியின் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பு. சிவப்பு மிகக் கொடிய நச்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை என்ற இந்த வரிசை பெரியவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பச்சை என்றால் கையால் கலக்கலாம் என்று அவர் புரிந்துவைத்திருந்தார். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிப்பது 2005-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. கத்தரி நிலத்துக்காரன் வீட்டில் அதற்கு இடமே இல்லை. அதைக் கிணற்றடியில் ஊற்றிக் குப்பியை எறிவதுதான் ஊர் வழக்கம். நான் அதை மூடி, பையில் கட்டிப் பூட்டிவைத்துவிட்டு, என்ன செய்வது என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்டிருக்கிறேன். வரப்புப் புல்லுக்குக் கிளைபோசேட் களைக்கொல்லி வாங்கலாம் என்ற யோசனையையும் கைவிட்டோம். 2022 அக்டோபர் அறிவிப்பின்படி பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாக அல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. வரப்பை அரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போட்டோம்.

காலியான குப்பியில் கால்பங்கு தண்ணீர் ஊற்றி, அரை நிமிடம் குலுக்கி, அதை டேங்கிலேயே ஊற்றுவதை மூன்று முறை செய்கிறோம். காசு கொடுத்து வாங்கிய மருந்தின் கடைசிச் சொட்டும் பயிருக்குப் போகிறது என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. பிறகு அடியில் ஆணியால் துளை போட்டுவிடுகிறோம்; இல்லாவிட்டால் அது யாராவது ஒருவர் வீட்டில் எண்ணெய்க் குப்பி ஆகிவிடும். தெளிப்பானைக் கழுவிய தண்ணீரைத் தெளித்த நிலத்திலேயே அடித்துத் தீர்க்கிறோம். மோட்டார்த் தொட்டியின் அருகில் கொண்டுபோவதில்லை. களைக்கொல்லிக்கென்று பழைய தெளிப்பானையே ஒதுக்கி, அதில் சிவப்புப் பட்டை தீட்டிவிட்டேன். கத்தரிக்கு இரண்டாம் கையாக வேறொன்று வாங்கினேன். எவ்வளவு கழுவினாலும் குழாயில் தங்கும் களைக்கொல்லியை நம்பிக் கத்தரிச் செடியின்மேல் அடிக்க எனக்குத் துணிவில்லை.

கணக்கு முடிந்தது என்று நினைத்திருந்தபோது பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "நீ நடந்து அளந்தே. அடிக்கிறது நான் ஆச்சே?" நான் வெட்கத்தோடு முளைக்குச்சிகளை மீண்டும் அடித்தேன். அவர் என்னைவிட வேகமாக நடக்கிறார். ஒரு சென்ட்டுக்கு அவருக்கு 1,440 மில்லிதான் ஆனது. ஏக்கருக்கு ஒன்பது டேங்க், ஆகவே பெண்டிமெத்தலின் டேங்குக்கு 147 மில்லி. நல்லவேளையாக இந்தக் கேள்வி விதைப்புக்கு முந்தைய நாளே வந்தது. கொல்லையில் முழுக்க அவர் அளவுப்படியே கலந்தோம். சிவப்புப் பட்டைத் தெளிப்பானின் மூடியில் இப்போது பெயின்ட்டால் இரண்டு எண்கள் எழுதியிருக்கின்றன: அவருக்கு 9, எனக்கு 11. நாசிலின் துளை தேய்ந்து பத்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தெளிக்கத் தொடங்கினால் அதை மாற்ற வேண்டும் என்பதால், மார்கழிப் பட்டத்துக்கு விதைப்பதற்கு முன் இரண்டு பேரும் மறுபடி ஒரு சென்ட் நடக்க வேண்டியிருக்கிறது.